கிளட்ச் கவரில் எண்ணெய்க் கசிவு: கண்டறிதலும் சரிசெய்தலும்

100 சிசி முதல் 150 சிசி வரையிலான நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில், எஞ்சினின் வலப்பக்கம் கிக்கர் வெளிவரும் பெரிய அலுமினிய மூடியைப் பட்டறைகளில் கிளட்ச் கவர் என்றும், இடப்பக்கம் உள்ளதை மேக்னட் கவர் என்றும் சொல்வார்கள். இந்த மூடிகளுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தாள் பேக்கிங் இருக்கும். மூடியின் அடிவிளிம்பில் எண்ணெய் ஈரம் தெரிந்தவுடன் அந்தப் பேக்கிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மூடியைக் கழற்றிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பேக்கிங்கை மாற்றுவது அரை நாள் வேலை. பெரிய திறமையும் தேவையில்லை. ஆனால் புதிய பேக்கிங் போட்ட வண்டி பத்து நாளில் மறுபடியும் கசிகிறது என்றால், பெரும்பாலும் கசிந்த இடம் வேறாக இருந்திருக்கும், அல்லது பேக்கிங்கை வெளியே தள்ளிய காரணம் உள்ளேயே விடப்பட்டிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது. வேலையின் விவரங்கள் ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சினை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை; மற்ற வண்டிகளில் மாறுபடும் இடங்கள் அங்கங்கே சொல்லப்பட்டுள்ளன.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். இதனால் எண்ணெய் சொட்டும் இடம் கசியும் இடத்துக்குக் கீழேயும் பின்னேயும் ஓர் அடி தள்ளிக்கூட இருக்கலாம். ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளி எது என்று பார்ப்பதே சரியான முறை. பல மாதங்களாகத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுத்துப் படிந்திருக்கும் எஞ்சினில் அந்தப் புள்ளியைக் காண முடியாது என்பதால் முதலில் எஞ்சினைக் கழுவ வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெயையோ டீசலையோ பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பழந்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ பயன்படுத்தினால் தீப்பிடிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காய்ந்த எஞ்சினின் மேல், சந்தேகத்துக்குரிய இணைப்புகள் எல்லாவற்றிலும், சாதாரண முகப்பவுடரை மெல்லிய பூச்சாகத் தூவ வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் விளக்கின் உதவியுடன் பார்க்க வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். வெண்மையான பவுடரில் எண்ணெய் முதலில் ஊறும் இடம் கறையாகத் தனித்துத் தெரியும். இவ்வளவு எளிய சோதனைக்கு விலையுயர்ந்த சாயங்களோ புற ஊதா விளக்கோ தேவைப்படுவது அரிது.

கசிவு எப்போது நிகழ்கிறது என்பதும் ஒரு தடயம். இரவு முழுவதும் நின்ற வண்டியின் அடியில் காலையில் சொட்டு இருந்தால், உள்ளே எண்ணெய் தேங்கி நிற்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள ஓர் இடத்திலிருந்துதான் அது வர வேண்டும்: கவரின் அடிவிளிம்பு, டிரெய்ன் போல்ட்டின் வாஷர், தாழ்வாக உள்ள ஆயில் சீல் ஆகியவற்றில் ஒன்று. ஓடும்போது மட்டும் கசிந்தால், அடித்துச் சிதறும் எண்ணெயோ உள்ளழுத்தமோ அதை வெளியே தள்ளுகிறது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாய்வதால் எண்ணெய் மேக்னட் கவரின் பக்கம் ஒதுங்கும். சைடு ஸ்டாண்டில் மட்டும் சொட்டி, சென்டர் ஸ்டாண்டில் சொட்டாத வண்டியின் கிளட்ச் கவரைக் கழற்றுவதில் பொருளில்லை.

கிளட்ச் கவர் பேக்கிங்கின் மேல் பழி விழும்படி செய்யும் மற்ற இடங்கள் பல. மேலிருந்து வந்தால், டேப்பெட் மூடிகளின் ரப்பர் வளையம், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான பேக்கிங், பிளாக்கின் அடிப் பேக்கிங் ஆகியவை கசிந்து, எண்ணெய் குளிர்ச்சித் தகடுகள் வழியாக வழிந்து கவரின் மேல் விழும். எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும் கவரின் பின்பகுதி முழுவதும் நனையும். சில ரூபாய் மதிப்புள்ள அந்த வளையத்தை மாற்றாமல் மூடியைக் கழற்றிய வேலைகள் உண்டு. கவரின் மேற்புறத்தில் கிளட்ச் கேபிள் இணையும் சிறு நெம்புகோலான கிளட்ச் கையின் அச்சிலும் ஒரு சிறு சீல் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது கிக்கர் தண்டின் ஆயில் சீல். தண்டைச் சுற்றி ஊறும் எண்ணெய் கவரின் வெளிப்புறமாக வழிந்து அடிவிளிம்பில் தேங்கி, பேக்கிங்கே கசிவதைப் போன்ற தோற்றத்தைத் தரும். கிக்கரின் அடியில் பவுடர் முதலில் நனைந்தால், மாற்ற வேண்டியது சீல்தான், பேக்கிங் அல்ல.

இடப்பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் கறுப்பாகக் குழம்பு போலத் தேங்கி இருப்பது பெரும்பாலும் செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்துச் சேர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தபின், மெல்லியதாகப் புதிய எண்ணெய் வந்தால் மட்டும் அங்குள்ள சீலைச் சந்தேகிக்கலாம். மேக்னட் பகுதி எண்ணெயில்லாமல் உலர்ந்திருக்க வேண்டிய வகை எஞ்சின்களில், அந்த மூடிக்குள் எண்ணெய் இருந்தால் கிராங்க் தண்டின் சீல் போய்விட்டது என்று பொருள். வெளிப் பேக்கிங்கை மாற்றினால் எண்ணெய் உள்ளே தேங்குமே தவிரக் குறை தீராது.

உள்ளழுத்தமும் எண்ணெய் மட்டமும்

மூடியைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று பிரீதர் குழாய். ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும், மேலே எவ்வளவு இடம் விடுகிறதோ அவ்வளவு இடத்தைக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸில் அடைத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 5,000 முறை நடக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இதை ஈடுசெய்ய இன்னொரு பிஸ்டன் இல்லாததால், அந்த அழுத்தம் வெளியேற இருக்கும் வழி பிரீதர் ஒன்றுதான். அந்தக் குழாய் மடிந்தோ, நசுங்கியோ, எண்ணெய்ச் சகதியால் அடைபட்டோ இருந்தால், அழுத்தம் எங்கே பலவீனமான பேக்கிங்கோ சீலோ இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே அடைப்பு தெரிந்துவிடும். பெட்ரோலில் கழுவுவதாக இருந்தால் ஊதிப் பார்ப்பதைக் கழுவுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் இறங்கும் பழைய எஞ்சின்களிலும் இதே கதைதான். அத்தகைய வண்டியில் நீலப் புகையும் எண்ணெய்க் குறைவும் சேர்ந்தே தெரியும்; அங்கே கவர் பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பயன் குறைவு.

எண்ணெய் மட்டம் அளவுக்கு மேல் இருப்பதும் இதே விளைவைத் தரும். கடையில் ஒரு லிட்டர் டப்பா கிடைத்தது என்பதற்காக, 900 மில்லி போதுமான எஞ்சினில் முழுவதையும் கவிழ்ப்பது பரவலான பழக்கம். எண்ணெய் அளவுகோலின் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின், கசிவு கவரின் இணைப்பிலிருந்தே வருகிறது என்று உறுதியானால், கழற்றுவதற்கு முன் போல்ட்டுகளை ஒருமுறை சோதித்துவிடலாம். எஞ்சின் ஆறிய நிலையில், 8 எம்.எம். ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் மெல்ல இறுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று போல்ட்டுகள் தளர்ந்திருந்து அவை அளவாக இறுகினால், கழுவிவிட்டு ஒரு வாரம் கவனிக்கலாம். அதோடு முடிந்துவிடும் கசிவுகளும் உண்டு. எல்லாம் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் மேலும் முறுக்கக் கூடாது. நசுங்கிக் காய்ந்த தாளை எவ்வளவு அழுத்தினாலும் அது மீண்டும் இடைவெளியை அடைக்காது; போவது அலுமினியத்தில் உள்ள மரைதான்.

கழற்றுதல்

வேண்டிய பொருள்கள் குறைவு: அந்த மாடலுக்குரிய கிளட்ச் கவர் பேக்கிங், டிரெய்ன் போல்ட்டுக்குப் புதிய வாஷர், கிக்கர் தண்டுக்குப் புதிய ஆயில் சீல், எண்ணெய், 8, 10, 12, 17 எம்.எம். ஸ்பேனர்கள் அல்லது டி ஸ்பேனர்கள், ரப்பர் சுத்தியல், பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி, கொஞ்சம் தின்னர், நிறைய பனியன் வேஸ்ட். சீல் கசியாவிட்டாலும் கவர் கையில் இருக்கும்போதே அதை மாற்றிவிடுவது நல்லது. பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் காட்டி வாங்கினால் தவறு நேராது.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எண்ணெய் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கும்போது டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி முழுவதும் வடிக்க வேண்டும். எண்ணெயை வடிக்காமல் வண்டியை இடப்பக்கம் படுக்கவைத்து மூடியைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் அண்மையில்தான் மாற்றப்பட்டது என்றால் அந்த ஆசை வரும். ஆனால் டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் பெட்ரோல் ஒழுகும், பழைய வகை பேட்டரியில் அமிலம் சிந்தும். எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்வதே எளிது.

வடியும் நேரத்தில் குறுக்கே இருப்பவற்றை அகற்றலாம். பல வண்டிகளில் சைலன்சர், ஃபுட்ரெஸ்ட் பட்டை, பிரேக் பெடல் ஆகியவை கவரின் வழியில் நிற்கும். சைலன்சரைக் கழற்றினால் அது சிலிண்டர் ஹெட்டுடன் சேரும் இடத்தின் வளையப் பேக்கிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும். கிக்கரைக் கழற்றுவதற்கு முன், அதன் பற்களும் தண்டின் பற்களும் சேர்ந்திருக்கும் நிலையில் இரண்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது கிக்கர் ஏறுமாறாக நிற்காது. கிளட்ச் கேபிளைத் தளர்த்தி, அதன் முனையைக் கவரின் மேலுள்ள கிளட்ச் கையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இனி கவர் போல்ட்டுகள். அவை எல்லாம் ஒரே நீளம் அல்ல என்பதை மறந்ததால் பாழான கவர்கள் ஏராளம். நீண்ட போல்ட்டை ஆழம் குறைந்த துளையில் போட்டால், அது அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகியதாகத் தோன்றும், ஆனால் கவர் அழுந்தாது. குட்டையானதை ஆழமான துளையில் போட்டால் இரண்டு மூன்று மரைகள் மட்டுமே பிடித்து, இறுக்கும்போது அவை உரிந்துவிடும். ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் இந்தக் குழப்பம் எழாது. போல்ட்டுகளை எதிரெதிராக, முதலில் கால் சுற்று மட்டும் தளர்த்தி, பிறகு முழுவதும் கழற்ற வேண்டும். ஆர்.எக்ஸ். 100 போன்ற பழைய வண்டிகளில் நட்சத்திரத் தலைத் திருகுகள் இருந்தால், சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முயன்று தலையை வழுக்கவிடாமல், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவரைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாப் போல்ட்டும் வந்த பிறகும் கவர் ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிலும் மெல்லத் தட்டினால் விட்டுவிடும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. அது உண்டாக்கும் பள்ளம் தலைமயிர் அளவே இருந்தாலும், அதற்குப் பிறகு அந்த இடம் நிரந்தரமான கசிவு வழியாகிவிடும். கவரை இழுக்கும்போது நேராக இழுக்க வேண்டும். ஒரு கையால் கிக்கர் தண்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டால் அது கவருடன் சேர்ந்து வந்து ஸ்பிரிங் அவிழாது. தண்டில் உள்ள வாஷர், கிளட்ச் தள்ளும் சிறு பாகங்கள், கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் ஆகியவை கவருடன் ஒட்டிக்கொண்டு வரலாம், கீழேயும் விழலாம். கழற்றியவுடன் ஒரு படம் எடுத்துக்கொள்வது எப்போதும் உதவும்.

பரப்புகளைத் தயார்செய்தல்

இந்த வேலையில் பொறுமை கேட்கும் பகுதி இதுதான். பெரும்பாலான மறுகசிவுகள் இங்கே செய்த அவசரத்தால் வருகின்றன. பழைய பேக்கிங் துண்டுதுண்டாக இரு பக்கமும் ஒட்டியிருக்கும். முதலில் எஞ்சினின் திறந்த பகுதியைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். பிறகு தின்னரில் நனைத்த துணியைப் பேக்கிங் மிச்சங்களின் மேல் பத்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் தட்டையாகத் தள்ள வேண்டும். ஷேவிங் பிளேடு பயன்படுத்துவதாக இருந்தால் பரப்போடு பரப்பாகப் படுக்கவைத்துத்தான் நகர்த்த வேண்டும். கிரைண்டரில் பொருத்தும் கம்பி பிரஷ், முரட்டு உப்புத்தாள் ஆகியவை அலுமினியத்தை அலையலையாகத் தின்றுவிடும். அதன் தூள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளுக்குப் போகும்.

சுத்தமான பரப்பில் விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தால் கீறலும் மேடும் உணரப்படும். போல்ட் துளைகளைச் சுற்றி மேடாக எழும்பியிருந்தால், முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கவரின் முகம் வளைந்திருக்கிறதா என்று அறிய, டவல் பின்களை எடுத்துவிட்டு, அதை ஒரு தடித்த கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம். ஆடினாலோ, விளிம்புக்கு அடியில் இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு பல இடங்களில் நுழைந்தாலோ, 400 எண் நீர் உப்புத்தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து, எண்ணெய் விட்டு, கவரை எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தலாம். உட்பாகம் எதுவும் முகத்தைத் தாண்டித் துருத்தாத கவரில் மட்டுமே இது முடியும். தேய்த்த பிறகு எண்ணெய் செல்லும் துளைகள் உட்பட எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவி, காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கீழே விழுந்த வண்டியில் கிக்கரோ ஃபுட்ரெஸ்ட்டோ இடித்துக் கவர் விரிசல் கண்டிருக்கலாம். மெல்லிய விரிசலை ஆர்கன் வெல்டிங் செய்து, முகத்தைச் சமப்படுத்திப் பயன்படுத்தலாம். வெல்டிங் சூட்டில் கவர் வளையக்கூடும் என்பதால் புதிய கவர் கிடைக்குமானால் அதுவே மேல். எம்-சீல் போன்ற பசைகள் வண்டியைப் பட்டறை வரை கொண்டுபோக உதவும், அவ்வளவுதான்.

மரை உரிந்த துளை இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். நீண்ட போல்ட்டைப் போட்டுப் பிடிக்க வைக்கலாமா என்று முதலில் பார்க்கலாம், துளையின் அடியில் மரை மிச்சமிருந்தால் மட்டும். இல்லையெனில் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளைப் பதித்து, அதே 6 எம்.எம். போல்ட்டை மறுபடியும் பயன்படுத்துவது நிலையான தீர்வு. துளையிடும் பிட் நேராக நிற்க வேண்டும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் இதை லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது. எல்லாப் போல்ட் துளைகளிலிருந்தும் தேங்கிய எண்ணெயைத் துணித்திரியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெய் இருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி, இறுகியது போன்ற பொய்த் தோற்றத்தைத் தரும். சில வேளை துளையையே பிளந்துவிடும்.

கவர் திறந்திருக்கும்போது, அடிப்பகுதியில் செருகப்பட்டிருக்கும் எண்ணெய் வடிகட்டும் வலையையும் எடுத்துக் கழுவலாம். அதில் பழைய சிலிக்கோன் பசையின் துண்டுகள் புழுப்போலச் சுருண்டு கிடப்பதைக் கண்டால், அடுத்து வருவதை வற்புறுத்திச் சொல்லத் தேவையிருக்காது.

பேக்கிங்கும் பசையும்

தாள் பேக்கிங் உலர்ந்த நிலையில் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. சுத்தமான, சமமான இரு பரப்புகளுக்கு நடுவில் அதற்குப் பசை எதுவும் வேண்டாம். காற்றில் காய்ந்து ரப்பர் போல இறுகும் ஆர்.டி.வி. சிலிக்கோன் பசையை, கடைகளில் அனபான்ட் என்றே கேட்டு வாங்குவார்கள், பேக்கிங்கின் இரு பக்கமும் தடிமனாகத் தடவும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. பசை வழுக்குவதால் இறுக்கும்போது தாள் பக்கவாட்டில் பிதுங்கிக் கிழிகிறது. உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து உடைந்து வடிகட்டும் வலையை அடைக்கிறது. கவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எண்ணெய் கடந்து செல்லும் சிறு துளைகள் இருக்கும் எஞ்சின்களில் அந்தத் துளை அடைபட்டால், எண்ணெய் போகாத பாகம் சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். சொட்டு எண்ணெயைக் காப்பாற்றப் போய் எஞ்சினை இழப்பதாக ஆகும். வெளிப்புறமாகக் கசியும் கோட்டின் மேல் பசையை அப்புவது அதைவிட வீண். எண்ணெய் படிந்த அலுமினியத்தில் அது ஒட்டுவதே இல்லை.

பசைக்கு இடம் உண்டு, ஆனால் அது சிறியது. முகத்தில் நீக்க முடியாத ஒரு பள்ளம் இருந்தால் அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பும் அளவுக்கு, மேக்னட் கவரில் ஒயர்கள் வெளிவரும் ரப்பர் கட்டையைச் சுற்றி, தாள் பேக்கிங்கே இல்லாமல் திரவப் பேக்கிங்கை மட்டும் நிறுவனமே பரிந்துரைக்கும் எஞ்சின்களில் மெல்லிய படலமாக, அதைப் பயன்படுத்தலாம். தாளை இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் விரல்நுனியால் கிரீஸ் தடவினால் போதும். அடுத்த முறை கழற்றும்போது அது கிழியாமல் வரவும் உதவும். பழைய பேக்கிங்கை மறுபடியும் போடக் கூடாது. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், எஞ்சின் சூடாகும்போதெல்லாம் பேக்கிங் மேலும் நசுங்கி, ஆறும்போது தளர்கிறது. ஒருமுறை அப்படி நசுங்கிய தாளுக்கு இன்னொரு முறை அழுந்தும் தன்மை இருக்காது.

அந்த மாடலுக்குரிய பேக்கிங் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு, பேக்கிங் தாளைக் கவரின் முகத்தில் விரித்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டி வெட்டியெடுக்கலாம். தாளின் கனம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கனம் மாறினால் கிக்கர் தண்டின் இடைவெளியும் கிளட்ச் தள்ளும் அளவும் மாறும். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. அதில் பிரைமரி செயின் பெட்டியின் மூடி, நடுவில் உள்ள ஒரே நட்டால் ரப்பர் வளையத்தின் மேல் அழுத்தப்படுகிறது. கசிகிறது என்று அந்த நட்டை மேலும் மேலும் இறுக்கினால் மூடியின் நடு உள்வாங்கி விளிம்பு மேலெழும்பும். கசிவு கூடத்தான் செய்யும்.

ஆயில் சீலை மாற்றும்போது, பழையதை வளைந்த கம்பியால் நெம்பி எடுத்து, சீல் அமரும் குழியைத் துடைத்து, புதியதன் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினின் உள்நோக்கி இருக்குமாறு வைத்து, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான ஒரு பாக்ஸ் ஸ்பேனரால் நேராக அழுத்த வேண்டும். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கிக்கர் தண்டின் பற்களைச் சுற்றி மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டால், கவரை ஏற்றும்போது கூர்மையான பற்கள் உதட்டைக் கிழிக்காது.

மீண்டும் பொருத்துதல்

டவல் பின்களை எஞ்சின் பக்கம் பொருத்தி, அவற்றின் மேல் பேக்கிங்கை மாட்டி, எல்லாத் துளைகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடைத்து வைத்த துணியை எடுத்துவிட்டோமா என்பதையும் இந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். கவரை நேராகத் தள்ளினால் கையழுத்தத்திலேயே முழுவதும் உட்கார வேண்டும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நின்றால் கிளட்ச் தள்ளும் பாகமோ, கிக்கர் தண்டோ, வாஷரோ இடம் மாறியிருக்கிறது. போல்ட்டால் இழுத்து உட்காரவைக்க முயன்றால் கவர் உடையும். கிளட்ச் கையைச் சற்று அசைத்தும், தண்டைச் சற்றுத் திருப்பியும் பார்த்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

போல்ட்டுகளை அட்டையிலிருந்து அதனதன் இடத்துக்கு எடுத்து, எல்லாவற்றையும் விரலால் முடிந்தவரை இறக்கியபின், எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். 6 எம்.எம். கவர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை, போதும். துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் பத்து கிலோ எடையைத் தூக்கும் அளவு அழுத்தினால் அந்த விசை கிடைக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நீண்ட ஸ்பேனரோ, அதில் செருகிய குழாயோ இந்த வேலைக்கு ஆகாது.

டிரெய்ன் போல்ட்டைப் புதிய வாஷருடன் போட்டு, கழற்றிய மற்றவற்றையும் மாட்டி, கிளட்ச் கேபிளில் லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை விளையாட்டு, அதாவது தளர்வாக அசையும் இடைவெளி, இருக்குமாறு சரிசெய்ய வேண்டும். பசை பயன்படுத்தியிருந்தால் அதன் டியூபில் குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் ஒரு நாள், காயவிட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். உலர்ந்த தாள் பேக்கிங்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்வதால், டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற ஜப்பானிய வாகனத் தரக் குறியீடு உள்ள எண்ணெயே வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

எஞ்சினை மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் கழித்து, வண்டி நிமிர்ந்து நிற்கும் நிலையில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அளவுகோலைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஸ்ப்ளெண்டர் வகையில் திருகாமல் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பின்சக்கர டயரிலும் பிரேக் டிரம்மைச் சுற்றியும் சிந்திய எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். எண்ணெய் படிந்த டயர் முதல் திருப்பத்திலேயே சறுக்கும். பிறகு கவரின் விளிம்பில் மீண்டும் பவுடர் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். புதிய பேக்கிங் சற்று அழுந்துவதால், முதல் இருநூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, போல்ட்டுகளை அதே அளவுக்குச் சோதிக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டக் கூடாது.

வடித்த பழைய எண்ணெயில் வெள்ளையாக நுரை போன்ற குழம்பு தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மழையில் ஓட்டிய பிறகோ, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகோ இது நேரும். அந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றக் கூடாது. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயை இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரமான கழிவாக வகைப்படுத்துகின்றன. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிலோ பட்டறையிலோ கொடுத்துவிட வேண்டும்.